கல் டம்ப்ளருக்கு நிரப்பு மீடியா: எதைப் போடுவது, எவ்வளவு போடுவது

ரப்பர் டிரம்முக்குள் கற்கள், கிரிட் எனப்படும் அரைக்கும் பொடி, தண்ணீர் மூன்றையும் போட்டு மூடி, வாரக்கணக்கில் உருளவிட்டால் கரடுமுரடான கல் பளபளப்பாகிவிடும் என்றுதான் டம்ப்ளிங் பற்றிப் பலரும் முதலில் கேள்விப்படுகிறார்கள். கிரிட் எந்த எண், எத்தனை நாள் ஓட்டுவது என்பதையெல்லாம் தேடிப் படிக்கிறார்கள். டிரம்முக்குள் கற்களோடு சேர்ந்து உருள வேண்டிய நான்காவது பொருளான மீடியாவைப் பற்றி, அதாவது கற்களின் இடைவெளிகளை நிரப்பும் சிறு துண்டுகளைப் பற்றி, யோசிப்பவர்கள் குறைவு. ஓரம் வெளுத்த கல், குழிகளில் மட்டும் சொரசொரப்பு போகாத கல், எத்தனை நாள் ஓட்டினாலும் பாலிஷ் ஏறாத கல் என்று வரும் புகார்களை நோண்டிப் பார்த்தால் பலவும் மீடியாவில்தான் வந்து நிற்கும்.

இங்கே சொல்லும் கணக்குகள் வீட்டில் ஓட்டும் 3 பவுண்டு சுழல் டம்ப்ளருக்கானவை. அதன் டிரம் ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும். கற்கள் அகேட், ஜாஸ்பர், சூதுபவளம், குவார்ட்ஸ் என்ற குடும்பம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 6.5 முதல் 7 வரை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கற்களில் தொடங்குவதுதான் நல்லது. மென்மையான கற்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கற்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது

சிலிக்கன் கார்பைடு கிரிட் எவ்வளவு கடினமாக இருந்தாலும் சும்மா தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் எதையும் தேய்க்காது. இரண்டு பரப்புகளுக்கு நடுவில் மாட்டி அழுந்தும்போதுதான் அது கல்லைச் சுரண்டும். ஒரே அளவுள்ள பெரிய கற்களை மட்டும் டிரம்மில் போட்டால் அவை புடைத்த இடங்களில் மட்டும் ஒன்றையொன்று தொடும். அப்படிக் குவிந்த கற்களுக்கு நடுவே கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் இடைவெளியாகவே இருக்கும். கிரிட்டில் பெரும்பகுதி அந்த இடைவெளியில் வேலையில்லாமல் கிடக்கும். கல்லின் குழிவுகளையோ உட்புறம் வளைந்த ஓரங்களையோ எதுவும் தொடாது.

அந்த இடைவெளிகளில் சின்ன மீடியா புகுந்ததும் நிலைமை மாறுகிறது. தொடும் புள்ளிகள் பல மடங்கு கூடுகின்றன. குழிவுக்குள்ளும் கிரிட்டை அழுத்திப் பிடிக்க ஒரு பரப்பு கிடைக்கிறது. கூடவே இன்னும் மூன்று வேலைகள் நடக்கின்றன. பெரிய கற்கள் நேராக மோதிக்கொள்வதை மீடியா நடுவில் நின்று தடுக்கிறது. உருளை வடிவச் சிறு துண்டுகள் பெரிய கற்களுக்கு அடியில் உருண்டு, அவை ஒரே பக்கமாகச் சறுக்காமல் புரளும்படி செய்கின்றன. டிரம் சரியான மட்டத்துக்கு நிரம்பவும் மீடியாதான் உதவுகிறது.

மீடியாவை வெறும் இட்டுநிரப்பியாக நினைப்பவர்கள் இந்தக் கடைசி வேலையை மட்டும் பார்க்கிறார்கள். அதனால்தான் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்புகிறார்கள். டம்ப்ளிங் நான்கு கட்டங்களாக நடக்கும்: கரடிலிருந்து நுண்ணியது வரை மூன்று கிரிட், கடைசியில் பாலிஷ். ஒவ்வொரு கட்டத்திலும் கற்களுக்கு நடுவில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்தால் பிழை வராது: முதல் கட்டத்தில் நன்றாக அரைய வேண்டும், கடைசிக் கட்டத்தில் அடிபடாமல் மெல்ல உரச வேண்டும்.

மட்டக் கணக்கு

சுழல் டம்ப்ளரின் டிரம்மில் கல்லும் மீடியாவும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். பாதிக்குக் கீழே போகக் கூடாது, முக்காலுக்கு மேலே போகக் கூடாது. பாதிக்குக் குறைந்தால் கற்கள் சரிவில் உருண்டு இறங்குவதற்குப் பதில் மேலிருந்து விழுந்து மோதும். அல்லது மொத்தக் குவியலும் அடியில் ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டே இருக்கும். முக்காலைத் தாண்டினால் புரள இடமிருக்காது. ஒரு வாரம் ஓடிய பிறகும் போட்டபடியே இருக்கும் கற்களைப் பார்க்க நேரிடும்.

ஒரு லிட்டர் டிரம்மில் மூன்றில் இரண்டு என்றால் 650 மில்லிலிட்டர். ஒரு அளவுக் குவளையில் முதலில் 450 மில்லி கற்கள், பிறகு 200 மில்லி மீடியா என்று அளந்து போடலாம். போட்டபின் டிரம்மை ஒரு தட்டு தட்டுங்கள். சின்ன மீடியா இடைவெளிகளில் இறங்கி மட்டம் குறையும். குறைந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம் மீடியா சேருங்கள். தண்ணீர் கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கற்கள் மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் கிரிட் கழுவப்பட்டு அடியில் தங்கிவிடும், மோதலும் கூடும்.

எடையையும் பார்க்க வேண்டும். 3 பவுண்டு என்பது சுமார் 1.36 கிலோ. போடும் கல்லுக்கு மட்டுமான கணக்கு என்று அதை எடுத்துக்கொண்டு பெல்ட்டை அறுத்துக்கொள்பவர்கள் உண்டு. கல், மீடியா, கிரிட், தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எடை. சில இயந்திரங்களில் டிரம்மின் எடையும் அதற்குள்ளேயே வரும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பீங்கான் மீடியா ஏறத்தாழ குவார்ட்ஸ் அளவுக்கே கனமானது என்பதால், கல்லைக் குறைத்து பீங்கானைக் கூட்டினால் எடை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பீங்கான் மீடியா: முதலில் வாங்க வேண்டியது

ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் அரைக்கும் பொடி கலக்காத வெள்ளைப் பீங்கான் உருளைத் துண்டுகளை வாங்குங்கள். பீங்கானின் கடினம் குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் கல்லோடு சேர்ந்து மெதுவாகத்தான் தேயும், பல சுற்றுகளுக்கு வரும். நன்றாகச் சுட்ட பீங்கானில் நுண்துளைகள் இல்லாததால் கிரிட் உள்ளே ஏறி ஒளிந்துகொள்ளாது. தண்ணீரில் மூழ்கிக் கற்களோடு ஒரே குவியலாக நகரும்.

இரண்டு அளவுகளில் வாங்கிக் கலந்து போடுவது முக்கியம். ஒன்று சுமார் 5 மில்லிமீட்டர்; மற்றது 10 மில்லிமீட்டர் குறுக்களவும் 15 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. பெரியவை கற்களைத் தள்ளிப் புரட்டும், கிரிட்டை அழுத்தும். சின்னவை மூலைமுடுக்கில் நுழையும், மோதலைத் தாங்கும். கற்கள் எல்லாம் பெரியவையாக இருந்தால் இரண்டையும் பாதிப் பாதி போடலாம். கற்களே 10 மில்லிமீட்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை பல அளவில் கலந்திருந்தால் சின்ன கற்கள் பெரிய மீடியாவின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் மீடியா மட்டும் போதும். ஒரு லிட்டர் டிரம்முக்கு 500 கிராம் ஒரு செட். அப்படி இரண்டு செட், மொத்தம் ஒரு கிலோ வாங்கி வைத்தால் நெடுநாள் கவலை இல்லை. இரண்டு செட் எதற்கு என்பது பாலிஷ் கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உலோக உதிரிபாகங்களின் பிசிறு நீக்குவதற்காகத் தொழிற்சாலைகள் வாங்கும் பீங்கான் மீடியாவும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. முக்கோணம், நட்சத்திரம், சாய்வாக வெட்டிய உருளை என்று பல வடிவங்களில், பெரும்பாலும் பழுப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில் இருக்கும். அதன் மண்ணுக்குள்ளேயே அலுமினியம் ஆக்சைடு போன்ற அரைப்பொடி கலந்து சுட்டிருப்பார்கள். தேயத் தேயப் புதிய பொடி வெளியே வந்துகொண்டே இருக்கும். முதல் கட்டத்தில் அதனால் கெடுதல் இல்லை. பாலிஷ் கட்டத்தில் போட்டால் பளபளப்பு என்றைக்கும் வராது.   நுண்துளை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீரை உலர்ந்த துண்டின் மேல் வையுங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் சரி. உறிஞ்சிக்கொண்டால் அந்தத் துளைகளில் கிரிட்டும் போய் உட்காரும்.

புதுப் பீங்கானை நேராகப் பாலிஷுக்குப் போடக் கூடாது. வெட்டுமுனைகள் கூராக இருக்கும், பிசிறும் இருக்கும். அவை கல்லில் கீறும், தாங்களும் துணுக்குகளாக உடைந்து சேற்றில் கலக்கும். புது மீடியாவை முதல் கட்டத்திலோ இரண்டாம் கட்டத்திலோ கற்களோடு ஒரு சுற்று ஓடவிட்டு ஓரங்கள் மழுங்கிய பிறகு கழுவி, கையில் உருட்டிப் பார்த்து, கூர் தட்டுப்படாதவற்றை மட்டும் பாலிஷ் செட்டுக்கு ஒதுக்க வேண்டும். உடைந்த துண்டு கண்ணில் பட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சின்ன கற்களையே மீடியாவாக

பணம் செலவழிக்காமல் கிடைக்கும் நல்ல மீடியா, அதே கல் வகையின் சின்னத் துண்டுகள்தான். அகேட்டும் ஜாஸ்பரும் உடைக்கும்போது விழும் 5 முதல் 10 மில்லிமீட்டர் சில்லுகளை முதல் கட்டத்திலேயே பெரிய கற்களோடு போட்டு, ஒவ்வொரு கட்டமாக அவற்றோடு கூடவே கொண்டுபோனால் கடைசியில் அவையும் மெருகேறிய மணிகளாக வந்து நிற்கும். அடுத்த தடவை அவைதான் உங்கள் பாலிஷ் மீடியா.

குஜராத்தின் காம்பாட்டில் டிரம்கள் வருவதற்கு முன் மணிகளை மெருகேற்றிய முறையும் இந்த அறிவின்மேல்தான் நின்றது. தோல் பையில் மணிகளை நிரப்பி, குருந்தப் பொடியும் அகேட் தூளும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பல நாட்கள் மாறிமாறி உருட்டிக்கொண்டே இருப்பார்கள். மணிகளே ஒன்றுக்கொன்று மீடியா, தோல் மெத்தை. நொய்யல் கரையின் கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த சூதுபவளம், அகேட், பளிங்கு மணிகளின் வழவழப்பைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கைவினைஞர்கள் எவ்வளவு பொறுமையாகக் கல்லைக் கையாண்டார்கள் என்பது தெரியும்.

ஆற்றுக் கூழாங்கல்லைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடியில் அழுத்தி இழுத்தால் கீறல் போடுகிற, ஒரே நிறமான, மணி மணியாக உதிராத குவார்ட்ஸ் கூழாங்கல் என்றால் தாராளமாகப் போடலாம். கட்டுமானத்துக்கு வரும் கருங்கல் ஜல்லி வேண்டாம். கிரானைட் வகைக் கல்லில் 7 கடினமுள்ள குவார்ட்ஸ், 6 கடினமுள்ள பெல்ட்ஸ்பார், 3-க்கும் குறைந்த அபிரகம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். மென்மையானது முதலில் அரைந்துபோக, குவார்ட்ஸ் மணிகள் பிடிமானமில்லாமல் கழன்று சேற்றில் விழும். பாலிஷ் கட்டத்தில் அப்படி ஒரு மணி விழுந்தாலே போதும், எல்லாக் கல்லிலும் கோடு விழும். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல் சிப்ஸும் 3 கடினம். ஒரு வாரத்தில் கரைந்து கெட்டிச் சேறாகிவிடும்.

பிளாஸ்டிக் குருணை

டம்ப்ளர் கிட்டுகளோடு பிளாஸ்டிக் குருணை வருவதால் பலருக்கும் முதலில் தெரிவது அதுதான். பாலிஎத்திலீனால் ஆன, 3 அல்லது 4 மில்லிமீட்டர் மணிகள். கல்லுக்கு நல்ல மெத்தையாக இருக்கும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனாலும் கடினமான கற்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, பிளாஸ்டிக் மென்மையானது. கிரிட் அதில் குத்திப் பதிந்துவிடும். சிலிக்கன் கார்பைடு ஒரு வாரம் உருளும்போது தானும் உடைந்து நுணுகிக்கொண்டே போகும் என்பதுதான் டம்ப்ளிங்கின் அடிப்படை. பிளாஸ்டிக்கில் பதிந்த கிரிட் மணி நுணுகாமல் போட்டபடியே இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அடுத்த நுண்ணிய கட்டத்தில் அதே குருணையைப் போட்டால் அந்த மணி வெளியே வந்து கீறும். ஆகவே ஒரு கட்டத்தில் பயன்படுத்திய குருணையை மறுபடி அதே கட்டத்துக்குத்தான் பயன்படுத்தலாம். நான்கு கட்டத்துக்கு நான்கு டப்பா, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது. ஓட்டம் தொடங்கிய முதல் நாள் சேறு நீர்த்திருக்கும்போது குருணை மேலே மிதக்கும். கற்கள் அடியில் தனியாக மோதிக்கொள்ளும். கற்கள் அரைந்து சேறு கெட்டியான பிறகுதான் கலந்து புரளும். தண்ணீரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தால் இந்தச் சிக்கல் குறையும். கழுவும்போது குருணை தண்ணீரோடு ஓடிப்போகும் என்பது மூன்றாவது தொல்லை. தேய்ந்த பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலும் சாக்கடையிலும் போய்ச் சேருவது எந்த வகையிலும் நல்லதில்லை.

எளிதில் உடையும் கற்களின் கடைசி இரண்டு கட்டங்களுக்கு மட்டும் குருணை வைத்துக்கொள்ளலாம். மற்றபடி பீங்கானே போதும்.

போடக் கூடாதவை

கோலிக்குண்டு எல்லோர் வீட்டிலும் கிடைப்பதால் அந்த ஆசை வரும். கண்ணாடியின் கடினம் 5.5-தான். அகேட்டோடு போட்டால் கிரிட் கல்லைவிட்டுக் கண்ணாடியைத்தான் வேகமாகத் தின்னும். உடைந்து தெறிக்கும் சில்லுகள் வேறு.

உருக்குக் குண்டுகள் நகைகளுக்கும் உலோகத்துக்கும் பொருத்தமானவை. கல்லைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனமான அந்தக் குண்டு ஒவ்வொரு முறை விழும்போதும் குவார்ட்ஸில் விரிசல் விடும், துருக்கறையும் பிடிக்கும். ஆலைகளில் குண்டுகளைப் போட்டு அரைக்கும் இயந்திரங்களுக்கான (ball mill) அலுமினா உருண்டைகளும் பார்க்க வெள்ளையாகப் பீங்கான் போலவே இருப்பதால் பலர் வாங்கிவிடுகிறார்கள். கடினம் 9, பீங்கானைவிட நல்ல கனம். கல்லை நொறுக்குவதற்காகவே செய்யப்பட்டவை அவை, நமக்கு வேண்டாம்.

மீன்தொட்டி வடிகட்டிக்கான பீங்கான் வளையங்களில் நிறையத் துளைகள் இருக்கும். நுண்ணுயிர் தங்குவதற்காக வைத்த துளைகளில் இங்கே கிரிட் தங்கும். ஓடு, செங்கல், டைல்ஸ் துண்டுகளுக்கும் அதே குறை. மணலைப் பற்றி ஒரே வரி: கிரிட்டோடு கலந்து பிரிக்கவே முடியாத இன்னொரு கிரிட் அது.

மக்காச்சோளத் தக்கைத் துருவல், வால்நட் ஓட்டுத் தூள் போன்றவை தண்ணீரில்லாமல் உலர்வாக மெருகேற்றுவதற்கானவை. உலோகத்துக்கும் அதிர்வு இயந்திரங்களுக்கும் பயன்படுகின்றன. தொடக்கத்தில் அவற்றை நாட வேண்டாம்.

கட்டம் கட்டமாக ஒரு சுற்று

முதல் கட்டம், 60/90 எண் சிலிக்கன் கார்பைடு (எண் கூடக் கூடக் கிரிட் நுண்ணியது). 450 மில்லி கல், 200 மில்லி பீங்கான், நான்கு மேசைக்கரண்டி கிரிட். இங்கே மீடியா அதிகம் வேண்டியதில்லை. கல்லும் கல்லும் உரசி வடிவம் பெறுவதுதான் இந்தக் கட்டத்தின் வேலை. மீடியா மிகுந்தால் கிரிட் அதை அரைப்பதிலேயே வீணாகும். ஏழு நாளில் திறந்து கழுவிப் பாருங்கள். வடிவம் வராத கற்களை மறுபடி புதுக் கிரிட்டோடு இன்னொரு வாரம் ஓட்டுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் ஆவது சாதாரணம். இந்தக் கட்டத்தில் மட்டும் குறைந்த மட்டத்தைப் புதுக் கரடுக்கற்களாலும் நிரப்பலாம்.

முதல் கட்டம் முடியும்போது கற்களின் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கும். விரிசலும் குழியும் உள்ள கற்களையும் பொறுக்கி எடுத்துவிட்டால் டிரம்மில் பாதிகூட இருக்காது. அப்படியே இரண்டாம் கட்டத்துக்குப் போவதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் பிழை. 350 மில்லிதான் கல் மிஞ்சியது என்றால் 300 மில்லி மீடியா சேர்த்து மறுபடி 650-க்குக் கொண்டுவாருங்கள். இனிமேல் மட்டம் குறையும்போதெல்லாம் மீடியாதான். கரடுக்கல் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. அதன் கூர்முனை மற்ற எல்லாக் கற்களின் ஒரு மாத உழைப்பையும் கெடுத்துவிடும்.

இரண்டாம் கட்டம் 120/220 எண், நான்கு மேசைக்கரண்டி, ஏழு நாள். மூன்றாவது 500 எண், மேலும் ஏழு நாள். இந்த இரண்டு கட்டங்களிலும் பெரிய மீடியாவைக் குறைத்துச் சின்னதைக் கூட்டிக்கொண்டே போங்கள். கற்களின் ஓரங்கள் வழவழப்பாகிவிட்ட பிறகு ஒவ்வொரு மோதலும் தடமாகப் பதியும் என்பதே காரணம்.

நான்காவது, அலுமினியம் ஆக்சைடு போன்ற பாலிஷ் பொடி. இங்கே கல் 300 மில்லி, மீடியா 350 மில்லி என்று மீடியா பாதிக்கு மேலேயே இருக்கட்டும். இதற்குத்தான் இரண்டாவது செட். கரடு கட்டத்தில் உருண்ட பீங்கானைத் தேய்த்துக் கழுவினால் பாலிஷுக்கும் போடலாம்தான். ஆனால் ஒரு துண்டின் மயிரிழை விரிசலில் 60 எண் மணி ஒன்று ஒளிந்திருந்தாலும் மொத்தச் சுற்றும் பாழ். கரடு கட்டத்தின் பக்கமே மறுபடி போகாத ஒரு செட்டைப் பாலிஷுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அரை கிலோ பீங்கானின் விலை, ஒரு மாதம் ஓடிய மோட்டாரையும் கிரிட்டையும் வைத்துப் பார்த்தால் பெரிதில்லை. வசதி இருந்தால் பாலிஷுக்குத் தனி டிரம்மும் வைத்துக்கொள்ளலாம்.

மென்மையான கற்களும் பிளக்கும் கற்களும்

இலங்கையின் மீட்டியாகொடயிலும் காங்கேயம் பகுதியிலும் கிடைக்கும் சந்திரகாந்தக் கல் பெல்ட்ஸ்பார் வகை. கடினம் 6 இருந்தாலும் இரண்டு திசைகளில் எளிதாகப் பிளக்கும். அகேட்டோடு சேர்த்துப் போட்டால் முதல் வாரமே ஓரங்களில் படிப்படியாகச் செதில் கழன்றிருக்கும். அதைத் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். டிரம்மை முக்கால்வரை நிரப்பி, அதில் பாதியைத் தொடக்கத்திலிருந்தே சின்ன மீடியாவாக வையுங்கள். 60/90-ஐத் தவிர்த்து 120/220-இல் தொடங்கினால் அதிக நாள் ஆகும், ஆனால் கல் பிழைக்கும்.

எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் 5 முதல் 5.5. இதற்குக் கற்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது என்ற அளவுக்கு மீடியா வேண்டும். கடைசி இரண்டு கட்டங்களில் தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்துச் சேற்றைக் கெட்டியாக்குவதும் உண்டு. கெட்டியான சேற்றில் கற்கள் மெதுவாகப் புரளும், மோதல் தணியும். சர்க்கரை புளித்து வாயு உண்டாகலாம் என்பதால் ஓரிரு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூட வேண்டும். பிளாஸ்டிக் குருணைக்கு உண்மையான பயன் இந்த மாதிரிக் கற்களில்தான் இருக்கிறது.

ரோஸ் குவார்ட்ஸும் செவ்வந்திக்கல்லும் 7 கடினம்தான். ஆனால் அகேட்டைப்போல இறுக்கமான நுண்ணிழை அமைப்பு அவற்றுக்கு இல்லை. அகேட் தாங்கும் அடியை அவை தாங்காது. அகேட்டுக்குப் போடுவதைப்போல ஒன்றரை மடங்கு மீடியா போடுங்கள்.

காதும் கண்ணும் சொல்வது

இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். சரியாக நிரப்பிய டிரம்மிலிருந்து விட்டுவிடாத, மெல்லிய சரசரப்பு வரும். டொக், டொக் என்று தனித்தனியாகக் கேட்டால் கற்கள் விழுந்து மோதுகின்றன. மட்டம் குறைவு, அல்லது சின்ன மீடியா போதாது, அல்லது தண்ணீர் அதிகம். சரசரப்பே இல்லாமல் ‘தொப் தொப்’ என்று மந்தமாகச் சுற்றினால் டிரம் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கிறது, அல்லது சேறு இறுகிவிட்டது. ஒரு வாரம் ஓடிய சேறு தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்.

கழுவிய கல்லைத் துடைத்து நன்றாகக் காயவைத்து, 10 மடங்கு லென்ஸில் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஈரக் கல் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். ஓரங்களில் சின்னச் சின்ன வெள்ளைப் பிறைகள் தெரிந்தால் அவை அடிபட்ட காயங்கள். பிறையின் விளிம்பு பரப்புக்குக் கீழேயும் இறங்கியிருக்கும் என்பதால் பாலிஷ் பொடியால் அது போகாது. 120/220-க்குத் திரும்பி, மீடியாவைக் கூட்டி மறுபடி ஓட்டுவதுதான் வழி.

பிறை இல்லாமல் நேர்க்கோடுகளாகத் தெரிந்தால் மோதலைச் சந்தேகப்பட வேண்டாம். முந்தைய கட்டத்தின் கிரிட் மீடியாவிலோ, டிரம்மின் மூடி விளிம்பிலோ, ஏதாவது ஒரு கல்லின் குழியிலோ ஒளிந்து வந்திருக்கிறது. கோடும் இல்லை, பிறையும் இல்லை, மொத்தத்தில் மங்கலாக மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் 500 எண் கட்டம் போதவில்லை. புடைத்த பக்கம் மின்னிக் குழிந்த பக்கம் மங்கியிருந்தால் சின்ன மீடியா போதவில்லை. 5 மில்லிமீட்டரைக் கூட்டிப் போட்டு அதே கட்டத்தை இன்னொரு வாரம் ஓட்டுங்கள்.

கழுவுவதும் எடுத்து வைப்பதும்

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கல்லையும் மீடியாவையும் ஒன்றாகவே கழுவலாம். பெரிய வாளிமேல் சல்லடையை வைத்து டிரம்மைக் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மூடி, ரப்பர் விளிம்பு, டிரம்மின் உள்மூலைகள் எல்லாவற்றையும் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். 500-க்குப் போகும் முன்பும் பாலிஷுக்குப் போகும் முன்பும், கல்லையும் மீடியாவையும் சுத்தமான தண்ணீர், கொஞ்சம் சோப்புச் சீவலோடு டிரம்மில் போட்டுச் சில மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அலசினால் ஒட்டியிருக்கும் கிரிட் கழன்று வரும். அதிகம் நுரைக்கும் சலவைத்தூள் வேண்டாம். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வாளியில் தங்கும் சேற்றைத் தொட்டியிலோ கழிவுநீர்க் குழாயிலோ ஊற்றாதீர்கள். குழாயின் வளைவில் படிந்து சிமெண்டுபோல இறுகிவிடும், பிறகு குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சேறு படிந்ததும் தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் உள்ளதைத் தோட்டத்து மூலையில் குழி வெட்டிக் கொட்டலாம். மாடி வீடு என்றால் காயவைத்துக் குப்பையில் போடலாம். அதில் பிளாஸ்டிக் குருணை கலந்திருந்தால் மண்ணில் கொட்டக் கூடாது, சலித்து எடுத்துவிடுங்கள்.

மீடியாவை முழுவதும் காய்ந்த பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். மூடும் முன் 4 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் ஒருமுறை சலியுங்கள். தேய்ந்து சிறுத்துக் கீழே விழும் பீங்கான் பொடிசுகள் கற்களின் விரிசல்களில் மாட்டிக்கொண்டு எடுக்க வராது. அவற்றைக் கழித்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுப் பீங்கானைக் கரடு செட்டில் சேருங்கள். பாலிஷ் செட்டில் குறைவதை, கரடு செட்டில் ஏற்கெனவே ஓடி மழுங்கியவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, லென்ஸில் விரிசல் பார்த்து, சோப்பு நீரில் ஒரு நாள் தனியாக ஓட்டிய பிறகே ஈடுசெய்யுங்கள்.